பத்துக்குப் பதினொன்று அறை

ரோட்டர்டாம்
2 ஏப்ரல் 2023

அண்ணே,

மூன்று வாரமாக என் போனை நீங்கள் எடுக்கவில்லை. தனலெட்சுமி அண்ணமிண்டியிடம் கேட்டால், "அவங்க இன்னும் கோபமாத்தான் இருக்காங்க, கொஞ்சம் பொறு" என்கிறார்கள். அதனால் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது.

அன்றைக்கு நான் சொன்னது தப்பு. சிகாமட் வீட்டில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஆத்தாவைத் தூக்கி வெளியேற்றிக்கொண்டிருந்தவரிடம், "தண்ணி வடிஞ்சதும் சுவரைத் துடைச்சிராதீங்க, அந்தக் கறையைப் படம் எடுத்து அனுப்புங்க" என்று சொன்னேன். நீங்கள் தண்ணீரில் நிற்பது எனக்குத் தெரியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். தெரியும். வீடியோவில் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

இப்போது கேட்கப்போவது அதைவிடப் பெரிது. நிலத்துக்காரர் ஜூன் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டாராமே. நிலம் அவருடையது, பலகை நம்முடையது. எப்படியும் நீங்கள் வீட்டைப் பிரிக்கத்தான் போகிறீர்கள். ஆத்தாவின் அறையை மட்டும் எனக்குக் கொடுங்கள். பத்துக்குப் பதினோரு அடி. நாலு சுவர், தரை, கதவு, ஜன்னல்.

நான் செய்கிற வேலை என்ன என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒரு பெரிய கூடத்துக்குள் ஓர் இடத்தையே கட்டி, பார்க்க வருகிறவர்களை அதற்குள் நடக்கவிடுவேன். இருபது வருடமாக அட்டையிலும் கம்பியிலும் வீடு கட்டிக் காட்டுகிறேன். பெயர் கிடைத்தது. ஆனால் எல்லாமே வீடு மாதிரி இருந்தவை. ஒரு தடவையாவது வீட்டையே வைக்க வேண்டும். எனக்கு நாற்பத்தாறு வயது. இதைச் செய்யாவிட்டால் மற்றது எதற்கும் அர்த்தம் இல்லை.

யுவனேஸ்வரி

*

சிவமயம்

கூலாய்
19 ஏப்ரல் 2023

யுவா,

கடிதம் கிடைத்தது. கப்பலில் வரும் சாமான்கூட வழியில் இவ்வளவு தூங்காது.

கோபம் எல்லாம் இல்லை. கோபப்பட நேரம் வேண்டும். ஆத்தா இப்போது என் வீட்டில் இருக்கிறாள். புது வீடு, டைல்ஸ் தரை, பக்கத்திலேயே குளியலறை, ஏர்கான். தினமும் சாயங்காலம் நாலு சேலையை மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள். "சாப்பிட்டாச்சு, கெளம்புவோமா? இவங்க வீட்டுல எத்தனை நாள் இருக்கிறது?" என்கிறாள். தனலெட்சுமி, "இது உங்க மகன் வீடுதானே அயித்தை" என்றால், "எம் மகன் வீடா? அவன் பள்ளிக்கூடம்லா போயிருக்கான்" என்று பதில் வருகிறது. எனக்கு ஐம்பத்திரண்டு.

போன செவ்வாய்க்கிழமை செருப்பில்லாமல் சமிக்ஞை விளக்கு வரைக்கும் நடந்துபோய்விட்டாள். என் கட்டுமானச் சாமான் யார்டுக்கு மணல் லாரி ஓட்டுகிற சீனன் பார்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். குளியலறை என்று நினைத்துத் துணி அலமாரிக்குள் போய்விடுகிறாள். உனக்கு வீடு என்பது காட்சிக்கு வைக்கிற பொருள். ஆத்தாவுக்கு வீடு என்றால் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று காலுக்குத் தெரிந்திருப்பது.

அறையைத் தருகிறேன். எப்படியும் பிரிக்கப்போகிற வீடு, விறகாய்ப் போவதைவிட உன்னிடம் போகட்டும். வேறு வழி இருந்திருந்தால் தந்திருக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சொக்கு

*

ரோட்டர்டாம்
6 மே 2023

அண்ணே,

எப்படி நன்றி சொல்ல என்று தெரியவில்லை. மூன்று விஷயம் மட்டும்: கழுவ வேண்டாம். புதுச் சாயம் வேண்டாம். வெள்ளக் கறை கட்டாயம் இருக்க வேண்டும், இந்தக் காட்சிக்கு அதுதான் உயிர். நவம்பரில் திறப்பு. ஆகஸ்டு முதல் வாரத்தில் கப்பல் ஏறினால்தான் சரியாக இருக்கும். இடமும் நாளும் அச்சடித்துவிட்டார்கள், இனி மாற்ற முடியாது.

யுவா

*

சிவமயம்

கூலாய்
4 ஆகஸ்டு 2023

யுவா,

சாமான் நேற்று துறைமுகத்துக்குப் போய்விட்டது. பூச்சி மருந்துப் புகை போட்டுச் சீட்டு வாங்கியிருக்கிறது. ஒவ்வொரு பலகையின் பின்னாலும் சுண்ணாம்புக் கட்டியால் எழுத்து போட்டிருக்கிறோம். 'வ' என்றால் வடக்குச் சுவர், 'கி' கிழக்கு, இப்படி. ஒன்றாம் எண் தரையிலிருந்து ஆரம்பம். கீழிருந்து மேலே ஏற்று. ஆணியடிக்கிற ஆள் பழைய ஓட்டையிலேயே அடிக்கட்டும், புது ஓட்டை போட்டால் வாய் பிளந்துவிடும்.

ஆத்தா இப்போது நன்றாக இருக்கிறாள். போன கடிதத்தில் நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

சொக்கு

*

ரோட்டர்டாம்
15 செப்டம்பர் 2024

அண்ணே,

உங்களுக்கு எழுதி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. திட்டுங்கள்.

அறை மூன்று ஊர்களுக்குப் போய்வந்துவிட்டது. ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். யாரும் சொல்லவில்லை, கதவைப் பார்த்ததும் அவர்களாகவே குனிகிறார்கள். வெள்ளக் கறை மேல் ஒரே ஒரு விளக்கு. அதன் முன்னால் நின்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பத்திரிகையில் அந்தக் கறையைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதினார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பலகைகளைப் பொருத்தி முடித்த அன்று உள்ளே தனியாக நின்றேன். கதவு நிலையில் கத்தியால் கீறின கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு. நம் உயரம்! எனக்கு அது மறந்தே போயிருந்தது. மேலே இருந்த கோடு என் தோள் வரை வந்தது. அதில் கையை வைத்துக்கொண்டு, பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டுப் போனதற்கு இத்தனை வருடம் கழித்து அழுதேன். வீடு என்னை ஞாபகம் வைத்திருந்தது, அண்ணே.

இங்கே ஒரு பெரிய அருங்காட்சியகம் அதை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள முன்வந்திருக்கிறது. என் மாதிரி ஆளுக்கு இது ஒரு தடவைதான் வரும். அவர்கள் கேட்பது ஒரே ஒரு காகிதம். இது சிகாமட்டில் நம் ஆத்தா கமலாட்சி ஆச்சி வாழ்ந்த அறை என்று, பிரித்தவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இத்துடன் வைத்திருக்கிறேன். பேனா எடுத்தால் ஒரு நிமிட வேலை.

யுவா

*

சிவமயம்

கூலாய்
8 அக்டோபர் 2024

யுவா,

காகிதத்தை மேசை இழுப்பறையில் வைத்து மூன்று நாள் ஆகிறது. கையெழுத்துப் போடவில்லை. போட முடியாது. உட்கார்ந்து படி.

உன்னிடம் இருப்பது ஆத்தாவின் அறை இல்லை.

ரெங்கம் ஊரில், தோட்டத்தில் கணக்கெழுதின ஒரு கிராணியின் வீட்டை அப்போது பிரிப்பதற்கு எடுத்திருந்தேன். அதே காலத்துப் பலகை, அதே வெளிர்பச்சைச் சாயம், அளவு அரை அடி கூட. அதை அறுத்துச் சரி செய்து உனக்கு அனுப்பினேன்.

நடந்தது இதுதான். ஜூன் மாதம் நம் அறையை முறையாகப் பிரித்து, எண் போட்டு, இங்கே யார்டுக்குக் கொண்டுவந்து இறக்கினோம். உனக்காகத்தான். பொய் இல்லை. அன்றைக்குத் தனலெட்சுமிக்குக் கிளினிக் போக வேண்டியிருந்ததால் ஆத்தாவை என்னோடு யார்டுக்கு அழைத்துவந்தேன். ஆபீஸில் உட்காரவைத்துவிட்டு ஒரு வண்டிக்கு ஆள் சொல்லத் திரும்பினேன். வந்து பார்த்தால் நாற்காலியில் ஆள் இல்லை.

பின்பக்கம், சிங்க் தகட்டுக் குவியலில் நம் கதவை நிலையோடு சாய்த்து வைத்திருந்தோம். ஆத்தா அதன் முன்னால் நின்று தட்டிக்கொண்டிருக்கிறாள். "யாரு உள்ள? தொறங்கப்பா, கால் வலிக்குது" என்கிறாள். பின்னால் சுவரும் இல்லை, ஒன்றும் இல்லை. தட்டிவிட்டு, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். மறுபடி தட்டினாள்.

என் மேஸ்திரி செல்வா பார்த்துக்கொண்டே நின்றான். கோணிச்சாக்கைத் தோளில் போட்டபடி, "பாஸ், இதைக் கப்பலேத்தப் போறீங்களா?" என்றான். நான் நாற்காலியை எடுத்துவந்து ஆத்தாவுக்குப் போட்டேன். "நாலு நாள்ல இங்கேயே கட்டி நிறுத்திரலாம் லா" என்றான்.

நாலு நாளில் நிறுத்தினோம். ஆபீஸுக்குப் பின்னால், சிமெண்டுத் தரை போட்டு, அதன்மேல் பழைய பலகைத் தரையைப் பதித்து, மேலே தகரம் போட்டு. ஆத்தாவை உள்ளே விட்டேன். திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி விளக்கு சுவிட்சைப் போட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து மூட்டை கட்டவில்லை. பகலெல்லாம் அங்கே இருக்கிறாள். கருப்பாயி என்று ஓர் அம்மாளைத் துணைக்கு வைத்திருக்கிறேன். இரவும் அங்கேதான் என்று பிடிவாதம் பிடித்ததால் நான் ஒரு மடக்குக் கட்டிலை ஆபீஸில் போட்டுக்கொண்டேன்.

உனக்கு நாள் குறித்தாகிவிட்டது, அச்சடித்தாகிவிட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? ஆத்தாவையும் அறையோடு சேர்த்து அனுப்பச் சொல்லியிருப்பாய். ஆகவே மரத்துக்கு மரம் அனுப்பினேன்.

கறையையும் சொல்லிவிடுகிறேன். ரெங்கத்தில் வெள்ளம் ஏது? லாரி கழுவுகிற கால்வாயில் சேறு எடுத்து, தேயிலைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, நானும் செல்வாவும் கந்தல் துணியால் நாலு சுவரிலும் இழுத்தோம். "அலமாக்! பாஸ், நாமளும் ஆர்ட்டிஸ்ட் ஆயிட்டோம்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். கதவு நிலையில் நம் வீட்டில் எந்தக் கோடும் கிடையாது. நிலையில் கத்தி வைத்தால் அப்பச்சி தோலை உரித்திருப்பார். நீ கை வைத்து அழுதது யாரோ பெற்ற பிள்ளையின் உயரம்.

மலிவான மெராந்தி மரத்தை உறுதியான செங்கால் மரம் என்று சொல்லி நான் யாருக்கும் விற்றதில்லை. முதல் தடவையாகச் செய்தேன், அதுவும் உனக்கு. அதற்கு மேல் காகிதத்திலும் எழுதித் தர என்னால் ஆகாது.

சொக்கு

*

ரோட்டர்டாம்
30 அக்டோபர் 2024

அண்ணே என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று இடங்களில் உட்கார்ந்து படித்தேன். எங்கே படித்தாலும் அதேதான் எழுதியிருக்கிறது. ஒரு வருடமாக முன்பின் தெரியாதவர்களிடம் "இங்கேதான் பிறந்தேன்" என்று சொல்லியிருக்கிறேன். ஒரு குழந்தை கறையைத் தொட்டுவிட்டு, "இன்னும் ஈரமா?" என்று கேட்டது. லாரி கழுவின சேறு!

நீங்கள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். "ஆத்தாவுக்கு வேண்டும்" என்று ஒரு வார்த்தை. நான் என்ன சொல்வேன் என்று நீங்களே முடிவு செய்துகொண்டீர்கள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பேரம் பேசுகிற ஆளின் பதிலையும் நீங்களே சொல்லிவிட்டு, கையையும் குலுக்கிவிடுவீர்கள்.

சரி. நடந்தது நடந்துவிட்டது. இப்போது கேட்கிறேன், கையெழுத்துப் போடுங்கள். யாருக்கும் தெரியாது. அந்த அறைக்குள் போய் வந்தவர்களுக்குக் கிடைத்தது பொய்யில்லை. எனக்குக் கிடைத்ததும் பொய்யில்லை. மார்ச்சில் அருங்காட்சியகத்துக் குழு கூடுகிறது. காகிதம் இல்லையென்றால் எடுக்கமாட்டார்கள், ஏன் இல்லை என்றும் கேட்பார்கள், அதோடு என் பெயர் முடிந்தது. தங்கைக்குப் பொய்ச் சரக்கு அனுப்பும்போது நடுங்காத கை, முகம் தெரியாத வெள்ளைக்காரனுக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும் நடுங்குமா?

யுவனேஸ்வரி

*

சிவமயம்

கூலாய்
2 டிசம்பர் 2024

யுவா,

நடுங்கும். உனக்குச் செய்தது ஆத்தாவுக்காக. இது யாருக்காக?

நீ சொன்ன ஒன்று சரி. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் தப்பு, எழுதியே தருகிறேன், இதில் வேண்டுமானால் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆத்தா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று எழுதினால் நீ புறப்பட்டு வருவாய். அவள் கேட்கவில்லை. உன் பெயர் அவளிடம் இல்லை. என் பெயரும் போய்விட்டது. "கடைக்காரரே, நேரமாச்சு, வீட்டுக்குப் போங்க, சம்சாரம் தேடும்" என்கிறாள். ஆனால் அந்த நாலு சுவருக்குள் அவளுக்குப் பயம் இல்லை. ஜன்னலைத் தானே சாத்துகிறாள், தானே திறக்கிறாள். சாப்பாடு குறைந்துவிட்டது. டாக்டர் நாள் கணக்கு எதுவும் சொல்லவில்லை, ஆனால் என்னை நேராகப் பார்க்காமல் பேசினார்.

நீ வீட்டைத்தானே தேடுகிறாய். ஆள் இருக்கும்போதே வந்து பார்.

சொக்கு

*

ரோட்டர்டாம்
11 ஜனவரி 2025

அண்ணே,

மார்ச்சில் குழு கூடும்வரை நான் இங்கே இருந்தாக வேண்டும். வேறு சாட்சி ஏதாவது கொடுத்துச் சமாளிக்கப் பார்க்கிறேன். ஏப்ரல் பத்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். ஆத்தாவிடம் சொல்லுங்கள். புரியாவிட்டாலும் சொல்லுங்கள்.

யுவா

*

கூலாய்
20 மார்ச் 2025

யுவா,

தனலெட்சுமி போனில் சொல்லியிருப்பாள். கேட்டதும் வைத்துவிட்டாயாம். இருக்கட்டும்.

பிப்ரவரி இருபத்தேழு, மத்தியானம் மூன்று மணி. வாசலில் சிமெண்டு ஏற்றிக்கொண்டிருந்தோம். கருப்பாயி வந்து, "ஐயா, அம்மா தண்ணி வாங்கல" என்றாள். போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், உள்ளங்கையைப் பலகையில் வைத்துக்கொண்டு. தூங்குகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் தகனம் முடிந்தது. நீ வரும்வரை வைத்திருக்கலாமா என்று கேட்டார்கள். ஏப்ரல்வரையா என்று கேட்டேன்.

நல்ல நாள், கெட்ட நாள் எல்லாம் கழிந்தபின், நானும் செல்வாவும் அறையைப் பிரித்தோம். நாலு நாளில் நிறுத்தியதைப் பிரிக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஏன் என்று தெரியவில்லை, ஆள் குறைவு இல்லை. பழைய எழுத்தின் மேலேயே சுண்ணாம்பு போட்டிருக்கிறது. நாளை துறைமுகம் போகிறது. உன் காகிதமும் இத்துடன் வருகிறது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது அதில் எழுதியிருப்பது சரி.

எந்த அறைக்காக என்னிடம் மல்லுக்கு நின்றாயோ, அதை எடுத்துக்கொள். இனி அங்கே யாரும் கதவைத் தட்டப்போவதில்லை.

சொக்கு

*

ரோட்டர்டாம்
13 ஜூலை 2025

அண்ணே,

ஏப்ரல் டிக்கெட்டை நான் ரத்து செய்துவிட்டேன். யாரைப் பார்க்க வருவது என்று தோன்றிற்று. நீங்கள் இருக்கிறீர்கள் என்று அப்போது தோன்றவில்லை. மன்னியுங்கள்.

குழுவிடம் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். சரியான அறை வரட்டும், பார்ப்போம் என்றார்கள். வந்தது. போன வாரம் கட்டி நிறுத்தினோம். குழுவில் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, முதலில் வந்ததுதான் உண்மை மாதிரி இருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறையே இல்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறீர்கள்.

எல்லோரும் போனபின் உள்ளே உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பார்க்க ஆரம்பித்தேன். கட்டில் உயரத்துக்கு ஒரு கைப்பிடி, மூலை எல்லாம் உப்புத்தாள் போட்டு மழுக்கியது. கட்டில் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் தரையில் சாயம் தேய்ந்த நாலு புள்ளி, ஒரு நாற்காலி ஒரே இடத்தில் வெகுநாள் கிடந்த தடம். மேற்குச் சுவரில் பென்சிலில் உங்கள் எழுத்து: 'சுடுதண்ணி கம்மி.' 'மாத்திரை பொடி பண்ணித் தரணும்.' 'இடது காது கேக்காது, வலது பக்கம் நின்னு பேசவும்.'

ஆத்தாவுக்கு இடது காது கேட்காது என்பதே எனக்குத் தெரியாது. சுவரைப் படித்துத் தெரிந்துகொண்டேன். போனில் பேசும்போதெல்லாம் பதில் சொல்லாமல் இருந்தாளே, அவள் எந்தக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள்?

இதை நான் காட்சிக்கு வைக்கப்போவதில்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன். ரெங்கத்து அறையையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். இனி கூப்பிடுவார்களா என்று தெரியவில்லை, பரவாயில்லை. கேட்பது ஒன்றுதான். அறையை உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். யார்டில் அதே இடத்தில் நிறுத்துங்கள். நான் வந்து அதில் கொஞ்ச நாள் இருக்கிறேன்.

யுவா

*

சிவமயம்

கூலாய்
5 ஆகஸ்டு 2025

யுவா,

அனுப்பாதே. அந்த இடத்தில் இரும்புக் கம்பி இறக்கி அடுக்கிவிட்டேன், இருபது டன்.

இடம் இல்லாமல் அங்கே இறக்கவில்லை. யார்டில் இடம் நிறைய இருக்கிறது. காலையில் கேட்டைத் திறந்ததும் அந்தத் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்துகொண்டிருந்தது. லாரிக்காரர்கள்கூட அதை மிதிக்காமல் சுற்றி ஓட்டினார்கள். ஒரு மாதம் பார்த்தேன். முடியவில்லை.

நீ வருவதென்றால் வா. என் வீட்டில் தங்கு.

சொக்கு